அத்தியாயம் 7: பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயின்ட்

அலாய் வீல் போட்ட காரின் பக்கத்தில் குனிந்து சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால், டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு ஓர் இரும்புக் கட்டி தெரியும். அதுதான் காலிப்பர். ஷோரூமிலிருந்து வரும்போது சாம்பல் நிறத்தில் இருந்த அது இரண்டு மழைக்காலம் கடந்ததும் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். கார் நிற்பது திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ என்றால் மழைகூட வேண்டாம், உப்புக் காற்றே போதும்.

இந்தத் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரணக் கார்களின் காலிப்பர் தடித்த வார்ப்பிரும்பு. மேலே படிந்த துரு அதன் உறுதியைத் தொடப் பல வருடம் ஆகும். ஆகவே பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் அழகுக்காகத்தான், அதை ஒப்புக்கொண்டே தொடங்குவோம். ஆனால் இந்த வேலையில் வேறொரு லாபம் உண்டு. சர்வீஸுக்கு விடும்போது யாரோ அவசரமாக எட்டிப் பார்க்கும் பிரேக்கை, நீங்கள் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள். பேட் தேய்ந்திருக்கிறதா, ரப்பர் கிழிந்திருக்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

பிரஷ் பிடிக்கத் தெரிந்த யாரும் காலிப்பருக்குப் பெயின்ட் அடித்துவிடலாம். எங்கே பெயின்ட் படக் கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே முதலில் பாகங்களைப் பார்த்துவிடுவோம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

நம் ஊர் ஹேட்ச்பேக், சிறிய செடான்களின் முன்சக்கரத்தில் இருப்பது ஒற்றை பிஸ்டன் காலிப்பர். அது ஆணி அடித்தாற்போல் நிலையாக நிற்பதில்லை. பிராக்கெட் ஒன்று சக்கரத்தின் முட்டியில் இரண்டு பெரிய போல்ட்டுகளால் இறுகியிருக்கும். அந்தப் பிராக்கெட்டில் இரண்டு ஸ்லைடு பின்கள். பின்களின் மேல் காலிப்பர் உள்ளும் வெளியும் நகரும். பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். காலை எடுத்ததும் எல்லாம் மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்வாங்க வேண்டும்.

அந்தச் சிறு பங்கு அசைவுக்குக் குறுக்கே எது வந்தாலும் கோளாறுதான். பிராக்கெட்டில் பேடின் காதுகள் உட்காரும் பள்ளத்தில் இரண்டு கோட் பெயின்ட் ஏறினால் பேட் சிக்கிக்கொள்ளும். டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். கார் ஒரு பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், மைலேஜ் குறையும். காரணம் தெரியாமல் மெக்கானிக்கும் நீங்களும் வீல் அலைன்மென்ட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்லைடு பின், அதன் ரப்பர் உறை, பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றிய டஸ்ட் பூட், பேட்கள், ஏர் எடுக்கும் நிப்பிள், பிரேக் ஹோஸும் அதைக் காலிப்பரோடு இணைக்கும் போல்ட்டும், ஏபிஎஸ் சென்சாரும் அதன் ஒயரும் பெயின்ட் படக் கூடாத மற்ற இடங்கள். டிஸ்க்கில் பேட் உரசும் முகத்தைச் சொல்லவே தேவையில்லை. பலரும் மறக்கும் இடம் வேறு: சக்கரம் வந்து ஒட்டும் ஹப்பின் தட்டையான முகம். 'அதுவும் துருதானே, ஒரு கோட் அடித்துவிடலாம்' என்று கை போகும். அங்கே பெயின்ட் இருந்தால், நட்டை இறுக்கும்போது கெட்டியாக இருப்பதுபோல் தெரியும். வண்டி ஓடிச் சூடேறி அந்தப் படலம் நசுங்கியதும் நட்டின் பிடி தளர்ந்துவிடும். ஹப் முகத்தையும் போல்ட்டின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம், அதோடு சரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் ஹோஸைக் கழற்றாதீர்கள். கழற்றினால் உள்ளே காற்று புகும், ஏர் எடுக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் வேலை அதில்லை. முதல்முறை செய்பவர் காலிப்பரையே கழற்ற வேண்டாம் என்பதும் என் கட்சி. இருந்த இடத்திலேயே பிரஷ்ஷால் அடித்தால், வெளியே தெரியும் பாகத்தில் முக்கால்வாசிக்கு மேல் கை எட்டும். பின்பக்கம் அப்படியே இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

எந்தப் பெயின்ட்

சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள். முதலாவது, சைலன்சருக்கு அடிக்கும் '600 டிகிரி' ஸ்ப்ரே. எண்ணைப் பார்த்ததும் இதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அந்த சிலிக்கோன் பெயின்ட் காய்வது வேறு, இறுகுவது வேறு. முழுதாக இறுக ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் நெடுநேரம் இருக்க வேண்டும். சைலன்சர் அந்தச் சூட்டைத் தானே கொடுத்துவிடும், காலிப்பர் கொடுக்காது. விளைவு, மேலே காய்ந்ததுபோல் இருக்கும், ஒரு துளி பெட்ரோலோ பிரேக் ஆயிலோ பட்டால் துணியோடு வந்துவிடும்.

காலிப்பர் அவ்வளவு சூடாகாதா என்று கேட்கலாம். சூடாவது டிஸ்க். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டக்கூடும். காலிப்பருக்குள் இருப்பதோ பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரையும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு குறைந்தது 155 டிகிரி வரையும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. காலிப்பர் அதைத் தாண்டிச் சூடானால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையோடு போய்விடும். அந்த நிலையில் பெயின்ட்டைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆகவே 200, 250 டிகிரி தாங்கும் பெயின்ட் நமக்குத் தாராளம்.

அப்படிப் பார்த்தால் இன்ஜினுக்கு அடிக்கும் எனாமல் ஸ்ப்ரே இரண்டாவது வகை. விலை குறைவு, வேலையும் எளிது. ஓரிரு வருடத்தில் மங்கும், பிரேக் ஆயில் பட்டால் உரியும். மூன்றாவது, காலிப்பருக்கென்றே வரும் இரண்டு டின் பெயின்ட்: ஒன்றில் பெயின்ட், மற்றதில் ஹார்டனர். ஃபோலியாடெக் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் கிளீனரோடு சேர்த்து ஒரு பெட்டியாகவே விற்கின்றன. விலை உறுத்தும், ஆனால் சூடு இல்லாமலேயே கெட்டியாக இறுகும், பிரேக் ஆயிலையும் தாங்கும், பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். பணம் இருந்தால் இதுதான். சாதாரண வீட்டு எனாமல், ஆட்டோ பம்பருக்கு அடித்து மீந்தது எல்லாம் வேண்டாம்.

நிறம் உங்கள் விருப்பம். சிவப்பு அடித்தால் ஸ்போர்ட்ஸ் கார் தோற்றம் வரும், அதன் மேல் பேடின் கரித்தூளும் பளிச்சென்று தெரியும். மஞ்சள் இன்னும் மோசம். அடர் சாம்பல், கறுப்பு இரண்டும் வருடக்கணக்கில் கண்ணியமாக இருக்கும். போர்ஷே கார்களில் மஞ்சள் காலிப்பர் பல காலம் செராமிக் டிஸ்க்கின் அடையாளமாக இருந்தது, ஹைப்ரிட் மாடல்களுக்குப் பச்சை கொடுத்தார்கள். அங்கே நிறத்துக்குப் பின்னால் ஒரு பொருள் உண்டு. நம் ஒற்றை பிஸ்டனுக்குச் சிவப்படித்து அதன் மேல் 'பிரெம்போ' ஸ்டிக்கர் ஒட்டுவது, தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பதற்குத்தான் உதவும். உங்கள் காலிப்பர் சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் தயாரிப்பாகவே இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலிப்பரின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளும் அதே கடைகளில் தொங்கும். சூட்டை அடைத்து வைக்கும், கழன்றால் சக்கரத்துக்குள் சிக்கும். அவற்றை வாங்காதீர்கள்.

நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் பால்பூத்தாற்போல் ஆகும், ஒட்டவும் செய்யாது. பொங்கல் கழிந்து சித்திரைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோது. காலையில் பனி விலகியதும் தொடங்கி நண்பகலுக்குள் முதல் கோட்டை முடித்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உப்போடு வரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பை 'நாளைக்கு அடிக்கலாம்' என்று விட்டால், காலையில் மெல்லிய துருப் படலம் பூத்திருக்கும். தேய்ப்பதும் அடிப்பதும் ஒரே நாளில்.

ஒரு நாளில் நான்கு சக்கரத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். முன்பக்கம் இரண்டும் போதும், அதுவும் ஒன்று முடிந்த பிறகு மற்றது.

தூக்குவது

சமதளமான கெட்டித் தரை வேண்டும். அடுக்குமாடியின் சரிவான பார்க்கிங் சரிப்படாது. கார் குளிர்ந்திருக்கட்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் கார் ஆடும்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கி, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி அரை நாள் சக்கரக் குழிக்குள் கையும் தலையும் விடக் கூடாது. தூக்கியதும் கம்பெனி கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, எடையை அதன் மேல் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து காரின் அடியில், பக்கவாட்டுச் சட்டத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன் மேல் நிற்கும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் காலிப்பர் வெளியே முகம் காட்டும், கை வலிக்காமல் வேலை பார்க்கலாம்.

பார்ப்பது

பிரஷ்ஷை எடுக்கும் முன் டார்ச்சை எடுங்கள். பேடின் உரசும் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பெயின்ட்டுக்கு முன் புது பேட். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் குடுவையிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். ரப்பர் ஹோஸை லேசாக வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டஸ்ட் பூட் கிழிந்திருந்தாலோ, பிஸ்டன் பக்கம் ஈரமாக மினுமினுத்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கசியும் காலிப்பருக்கு மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. சக்கரத்தை மாட்டி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சுத்தம்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பேடின் கரித்தூளை ஊதாதீர்கள், ஏர் பிடித்தும் அடிக்காதீர்கள். மூச்சோடு உள்ளே போகும். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். மாஸ்க் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷுமாக நனைத்தே கழுவுங்கள். தண்ணீர் நன்றாக உலரட்டும்.

பிறகு கம்பி பிரஷ். செதிலாக நிற்கும் துரு எல்லாம் உதிர வேண்டும். கம்பி பிரஷ் ரப்பர் உறைகளைத் தொடவே கூடாது, அந்த ஓரங்களில் பழைய டூத் பிரஷ்தான். இடுக்குகளுக்கு உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து மடித்துத் தேயுங்கள்: முதலில் 80 நம்பர், முடிவில் 220. வார்ப்பிரும்பின் முகம் சொரசொரப்பானது, கண்ணாடிபோல் ஆக்கத் தேவையில்லை. அந்தச் சொரசொரப்பு பெயின்ட்டுக்குப் பிடிமானம். குழிகளில் கெட்டியாகப் பிடித்திருக்கும் கருந்துருவை விட்டுவிடலாம், உதிரும் செந்துரு மட்டும் மிஞ்சக் கூடாது.

கடைசியாக எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பெட்ரோல்தான் மருந்து. இங்கே வேண்டாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவாக இருந்தாலும் பிரேக்கின் ரப்பரை ஊதவைத்துவிடும், பிசுக்கையும் மிச்சம் வைக்கும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்து, நூல் உதிராத பனியன் வேஸ்ட்டில் நனைத்துத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள், விரலின் பிசுக்கே போதும் பெயின்ட் உரிய.

மறைப்பதும் அடிப்பதும்

மாஸ்க்கிங் டேப்பும் பழைய செய்தித்தாளும் போதும். நிப்பிளின் மேல் மீன்தொட்டி டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகிவிடலாம், டேப் சுற்றுவதைவிட வேகம். டிஸ்க்கின் முகத்துக்கும் காலிப்பருக்கும் நடுவே ஒரு தாளை நுழையுங்கள். ஹோஸுக்குப் பிளாஸ்டிக் கவர் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஸ்ப்ரே அடிப்பதானால் சக்கரக் குழி முழுவதையும், பம்பர், கதவு ஓரத்தையும் மூட வேண்டும். காற்றில் பறக்கும் துகள் நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் போகும், பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் கார் வரைக்கும். பிரஷ்ஷை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு டின் பெயின்ட்டை, டின்னில் சொன்ன விகிதத்தில் நிதானமாகக் கலக்கி, குமிழ் அடங்கச் சற்று விடுங்கள். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று கூட்டாதீர்கள். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும் என்பதால் பாதியை மட்டும் கலப்பது நல்லது. அரை அங்குல பிரஷ் ஒன்றும் இடுக்குகளுக்கு ஓவியப் பிரஷ் ஒன்றும் போதும். பிரைமர் பற்றி டின் எதுவும் சொல்லாவிட்டால் பிரைமர் வேண்டாம், சூட்டில் அதுவே பலவீனமான அடுக்காகிவிடும்.

முதல் கோட் மெல்லியதாக இருக்கட்டும். அடியில் இருக்கும் இரும்பு அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை. வழிய வழிய அடித்தால் கீழ் ஓரத்தில் சொட்டு நின்று காய்ந்துவிடும், பேட் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். பெரும்பாலான பெயின்ட்டுகளுக்கு இரண்டு கோட், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மூன்று தேவைப்படலாம். இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை டின் சொல்லும், அதை மதியுங்கள். ஸ்ப்ரே என்றால் ஒரு சாண் தூரத்திலிருந்து, கை நிற்காமல், பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்.

டேப்பைப் பெயின்ட் முழுதாக இறுகும்வரை விட்டுவைத்தால், பிரிக்கும்போது ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். கடைசி கோட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். எங்காவது ரப்பரிலோ டிஸ்க்கிலோ பெயின்ட் பட்டிருந்தால் அப்போதே துடையுங்கள்.

டிஸ்க்கின் நடுக் குடுவைக்கும் ஓரத்துக்கும் வெள்ளி நிறமோ கறுப்போ ஒரு கோட் அடித்தால் தோற்றமே மாறிவிடும். குடுவையில் சக்கரம் வந்து ஒட்டும் முகம் ஹப் முகத்தின் சேர்த்தி, அதை விட்டுவிடுங்கள்.

பின்சக்கரம்

நம் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம். அதன் வெளிமுகத்தைத் தேய்த்துக் கறுப்படிப்பது முன்பக்கத்தில் பாதி வேலைகூட இல்லை. சக்கரம் ஒட்டும் நடு முகத்தை மட்டும் விட வேண்டும். பின்னாலும் டிஸ்க் இருந்தால், ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் அந்தக் காலிப்பரோடு சேர்ந்தே வேலை செய்யும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் மோட்டாரும் அதன் மேலேயே இருக்கும். மோட்டார், கேபிள், லீவர் எதிலும் பெயின்ட் படாமல், இருந்த இடத்திலேயே அடியுங்கள். கழற்றும் யோசனையே வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் பிடிக்கும் சக்கரமே காற்றில் நிற்கும், ஆகவே முன்சக்கரங்களுக்குத் தவறாமல் கட்டை கொடுங்கள்.

மாட்டுவது

பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சக்கரத்தை மாட்டி ஊர்சுற்றக் கிளம்ப வேண்டாம். ஓர் இரவு போகட்டும். கார் ஸ்டாண்டில் அப்படியே நிற்கும் என்றால் பிள்ளைகள் நெருங்காத இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சில மணி நேரம் கழித்துச் சக்கரத்தை மட்டும் மாட்டி இறக்கி, ஓட்டாமல் விடலாம். நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். சிறிய கார்களில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் ஏதோ ஓர் எண் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பது இறுக்கமல்ல, மரையைக் கெடுப்பது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டி நகரும் முன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். வேலையின்போது பேட் சற்று விலகியிருந்தால் முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகும், பிறகு கெட்டியாகிவிடும். ஆகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். கெட்டியானதும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நாலைந்து இடத்தில் நிறுத்துங்கள். திரும்பி வந்து இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் பேட் எங்கோ பிடிக்கிறது, பிராக்கெட் பள்ளத்தில் பெயின்ட் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள்.

பெயின்ட் முழுதாகக் கெட்டிப்பட ஒரு வாரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷ் வேண்டாம். பிறகும் பிரஷர் பம்பைக் காலிப்பரின் ரப்பருக்கு நேராக, ஓரடி தூரத்தில் பிடிக்க விடாதீர்கள். அலாய் வீலுக்கு அடிக்கும் ஆசிட் திரவமும் இந்தப் பெயின்ட்டின் பகை, ஷாம்பு தண்ணீரே போதும். எப்போதாவது பிரேக் ஆயில் மாற்றும்போது காலிப்பரில் சிந்தினால் துடைப்பதோடு விட்டுவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். கலக்காமல் மீதமிருக்கும் பெயின்ட்டையும் ஹார்டனரையும் தனித்தனியாக இறுக மூடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். கல் தெறித்த இடத்தில் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, ஓவியப் பிரஷ்ஷால் ஒரு தொடல் கொடுக்க உதவும்.